ஒரு கைப்பிடியின் விலை

நம் இலக்கியக் கூடுகைகளில் ‘உழைப்பு’, ‘விளிம்புநிலை’, ‘கைத்தொழில் மரபு’ ஆகிய சொற்கள் ஒலிக்காத நாளில்லை. கூட்டம் முடிந்து தேநீர்க் கடையில் நிற்கும்போது, நண்பர்களில் எவருடைய காராவது அண்மையில் பட்டறைக்குப் போய் வந்திருந்தால், பேச்சு வேறு தொனிக்கு மாறிவிடும். “கதவுக் கைப்பிடி ஒன்றை மாற்றிப் பெயிண்ட் அடிக்க இவ்வளவு கேட்கிறான் சார். கழற்றி மாட்டுகிற வேலை. அதிலென்ன இருக்கிறது?” இப்படிச் சொல்பவர் பேராசிரியராக இருக்கலாம், கவிஞராக இருக்கலாம், சிற்றிதழ் ஆசிரியராகவும் இருக்கலாம். சுற்றி நிற்பவர்கள் தலையசைப்பார்கள். ‘கேட்கிறான்’ என்னும் அந்த ஆண்பால் ஒருமை விகுதி, விகுதிகளைப் பாடமாக நடத்துகிறவர்களின் காதையும்கூட உறுத்துவதில்லை.

இக்கட்டுரை அந்தத் தலையசைப்புக்கு எதிராக எழுதப்படுகிறது. இலக்கியம் பேசும் இடத்தில் கார்க் கைப்பிடிக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் எழுத்தின் வறுமை ஒன்றுக்கும் அந்தக் கைப்பிடிக்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் துணிபு.

*

முதலில், அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கைப்பிடி ஏன் உடைகிறது? ‘பிளாஸ்டிக் சரியில்லை’ என்பது பொதுவான விடை. அது பாதி உண்மை. அம்பாசிடர் காலத்தின் குரோமியம் பூசிய உலோகக் கைப்பிடி போய், பிளாஸ்டிக் கைப்பிடி வந்து வெகுகாலமாயிற்று. பல ஆண்டுகள் வெயிலில் நின்ற பிளாஸ்டிக் தன் நெகிழ்வை இழந்து நொறுங்கும் தன்மையை அடைகிறது. மீதிப் பாதி உண்மை கதவுக்குள் இருக்கிறது. நாம் கைப்பிடியை இழுக்கும்போது அதன் பின்புறத்துச் சிறு நெம்புகோல் ஒன்று ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைத் தள்ளுகிறது. அந்தக் கம்பிதான் கதவின் விளிம்பில் இருக்கும் லாக்கை விடுவிக்கிறது. லாக்கில் தூசி படிந்து கிரீஸ் காய்ந்துவிட்டால் அது எளிதில் விடுபடாது. நாமோ இன்னும் பலமாக இழுக்கிறோம். அந்த விசை முழுவதையும் தாங்குவது நெம்புகோல் பொருந்தியிருக்கும் மெல்லிய கழுத்து. ஒருநாள் அது முறிகிறது. நோய் லாக்கில் இருக்க, முறிவு கைப்பிடியில் தெரிகிறது. கைப்பிடியை மட்டும் மாற்றி லாக்கைத் தொடாமல் அனுப்பினால் புதியதும் அதே இடத்தில் முறியும். நல்ல மெக்கானிக் முதலில் செய்வது, விரலாலோ திருப்புளியாலோ லாக்கைத் தட்டி அது எப்படி விடுபடுகிறது என்று பார்ப்பது. இது நோய்முதல் நாடுதல் அல்லாமல் வேறென்ன?

அடுத்தது கழற்றுதல். வெளிக்கைப்பிடிக்கு வெளியிலிருந்து வழி கிடையாத கார்களே நம்மிடம் நிறைய. கண்ணாடியை முழுதும் ஏற்றிவிட்டு, உள்பக்கம் டோர் பேடைக் கழற்ற வேண்டும். கையால் சுழற்றும் கண்ணாடியாக இருந்தால் அந்தச் சுழற்றியின் பின்னால் ஒளிந்திருக்கும் வளைந்த கம்பிக் கிளிப்பை ஒரு கந்தல் துணியை உள்ளே செருகி இருபுறமும் இழுத்து எடுப்பார்கள். பல ஆண்டுகளாக மூடியே கிடந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் பேடைச் சுற்றிலும் இருக்கும். எந்த இடத்தில் நெம்பினால் கழலும், எந்த இடத்தில் நெம்பினால் உடையும் என்பது கைக்குத்தான் தெரியும். பேடுக்குப் பின்னால், கறுப்புப் பசையால் ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று. மழைநீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது உள்ளே வராமல் அடியிலிருக்கும் துளைகள் வழியாக வடிந்துபோக அந்தத் தாள்தான் தடுப்பு. அவசரக்காரன் அதைக் கிழித்து எறிவான். நல்ல கைக்காரர் சூடுகாட்டி மெல்ல உரித்து, வேலை முடிந்ததும் அதே பசையில் பதித்து ஒட்டுவார். வித்தியாசம் அன்றைக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் காரின் தரைவிரிப்பு நனையும்போது தெரியும். பிறகு இரண்டு நட்டு, கம்பியைப் பிடித்திருக்கும் சிறு பிளாஸ்டிக் கிளிப், சாவித்துளை இருக்கும் கதவானால் பழைய பூட்டு உருளையைப் புதிய கைப்பிடிக்கு மாற்றுதல். மாற்றாவிட்டால் ஒரே காருக்கு இரண்டு சாவி வைத்துக்கொண்டு அலைய வேண்டும்.

*

இனி வண்ணம். ‘நாலு தடவை அடித்தால் முடிந்தது’ என்று சொல்லப்படுவது இதைத்தான்.

புதிய கைப்பிடி பெரும்பாலும் கறுப்பாகவோ சாம்பல் பிரைமருடனோ வருகிறது. அச்சிலிருந்து எளிதில் விடுபடுவதற்காக வார்ப்பின்போது பூசப்பட்ட மெழுகுப்பொருள் கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் மெல்லிய படலமாக இருக்கும். அதைக் கழுவித் துடைக்காமல் அடித்த பெயிண்ட், முதல் கோடையிலேயே தோலுரிந்து வரும். கழுவிய பின் வாட்டர் பேப்பரால் மென்மையாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போக வேண்டும், கோடு விழக்கூடாது. அதன்மேல் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொள்ளும் தனி பிரைமர், அதன்மேல் நிறம், அதன்மேல் கிளியர். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருக்க வேண்டும். ஒரு பூச்சிலிருந்து தின்னர் பறப்பதற்குள் அடுத்ததை அடித்தால் உள்ளே சிக்கிய ஆவி பின்னர் கொப்புளமாக எழும். கைப்பிடி அசையும் மூட்டில் பூச்சு தடித்துவிட்டால் அது இறுகிக்கொள்ளும். ஆகவே அந்த இடத்தை மறைத்துவிட்டு அடிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஷேடு சேர்ப்பது. காரின் உடலில் எங்கோ ஒரு தகட்டில் வண்ணக் குறியெண் இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்னால் கடையில் கணினி அளவு சொல்கிறது. பிறகு மனிதனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வேலை அங்கேதான் தொடங்குகிறது. அந்த எண் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் நிறத்தைச் சொல்கிறது. நம் முன்னால் நிற்பதோ எட்டு வெயில்காலங்களைக் கண்ட கார். அதன் சிவப்பு வெளிறியிருக்கும், வெள்ளை பழுத்திருக்கும். எண்ணுக்கு நேர்மையாகக் கலந்த வண்ணம் அந்தக் கதவில் பொய்யாகத் தெரியும். வெள்ளி நிறமானால் இன்னும் சிக்கல். அதில் கலந்திருக்கும் அலுமினியத் துகள்கள், ஈரமாக அடித்தால் உள்ளே அமிழ்ந்து நிறம் கருக்கும். உலர்வாக அடித்தால் மேலேயே தங்கி வெளுக்கும். டப்பா ஒன்றுதான், கன் ஒன்றுதான். காற்றின் அழுத்தமும், கைக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள தூரமும், கை நகரும் வேகமும் மாறினால் நிறம் மாறும். ஓர் அட்டையில் அடித்து, உலர விட்டு, கதவோடு வைத்துப் பார்ப்பார் பெயிண்டர். டியூப்லைட்டின் கீழே பொருந்திய இரண்டு நிறங்கள் வெயிலில் பிரிந்துவிடும் என்பதால் வெளியே எடுத்துப்போய்ப் பார்ப்பார். நிழலில் ஒருமுறை, சாய்த்து ஒருமுறை. பிறகு ஒரு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள்.

பதிப்பாசிரியர்களைப் பற்றி வகுப்பெடுப்பவன் என்ற முறையில் எனக்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றுகிறது. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சா., கிடைக்காத 267, 268ஆம் பாடல்களின் இடத்தைத் தம் கவித்திறனால் நிரப்ப முயலவில்லை. தம் திறமையைக் காட்டுவதைவிட மூலத்துக்குக் கட்டுப்படுவது பெரிது என்று அவர் கருதினார். பெயிண்டரின் வேலையில் இடைவெளியை நிரப்பியே தீர வேண்டும். ஆனால் கட்டுப்பாடு அதேதான். தன் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று எவருக்கும் தெரியாதபடி செய்தவரே அங்கே திறமைசாலி. பதிப்பாசிரியருக்குச் சிலை வைக்கிறோம், வைக்க வேண்டியதுதான். பெயிண்டரிடமோ, வேலை தெரியவில்லை என்பதையே காரணமாக்கி இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்கிறோம்.

*

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே காரின் மலிவான வகைக்குக் கறுப்புக் கைப்பிடியும், விலை கூடிய வகைக்குக் காரின் நிறத்திலேயே கைப்பிடியும் வைத்து விற்பது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். கறுப்புக் கைப்பிடி பயன்பாட்டில் எவ்விதத்திலும் குறைந்ததன்று. சொல்லப்போனால் பெயிண்ட் உரியும் தொல்லை அதற்கில்லை. எனினும் வரிசையில் யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைத் தெருவுக்கு அறிவிக்க அந்தச் சிறு பிளாஸ்டிக் துண்டு போதுமானதாக இருக்கிறது. உடைந்த கைப்பிடிக்குப் பதில் கறுப்பை மாட்டிக்கொண்டு போகச் சொன்னால் நம் நண்பர்கள் ஒப்புவார்களா? மாட்டார்கள். நிறம் சேர வேண்டும், பேட்ச் தெரியக்கூடாது, முந்தைய தகுதி குலையக்கூடாது. ஆக, நம் அந்தஸ்தைக் காப்பாற்றித் தருபவர் அந்தப் பெயிண்டர். அந்த வேலைக்குத்தான் ‘அதிலென்ன இருக்கிறது’ என்கிறோம்.

இதே நண்பர்கள் குளிரூட்டிய வரவேற்பறை கொண்ட சேவை மையத்தில் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். அங்கே கணினியில் அச்சிட்ட மதிப்பீட்டுத் தாள் தருகிறார்கள். நெம்புகோல் மட்டும் முறிந்திருந்தாலும் ‘தனியாக வராது, செட்டாகத்தான் வரும்’ என்கிறார்கள். பெயிண்டுக்குத் தனி, கூலிக்குத் தனி, வரிக்குத் தனி. நண்பர் கையெழுத்திட்டுவிட்டுக் காப்பி குடிக்கிறார். பேரம் பேசும் நாக்கு அங்கே எழுவதில்லை. அச்சிட்ட தாளுக்குப் பணிந்து, பேசும் மனிதனிடம் மட்டும் வீரம் காட்டுவது படித்த வர்க்கத்தின் பழைய பழக்கம்.

‘அவர்கள் அசல் உதிரிபாகம் போடுகிறார்களே’ என்பார்கள். அந்த அசல் பாகம் தெருமுனைப் பட்டறைக்கு ஏன் எளிதில் கிடைக்கவில்லை என்று கேட்டதுண்டா? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிச்சந்தைக்கும் சுதந்திரப் பட்டறைகளுக்கும் தடையின்றிக் கிடைக்கச் செய்யவில்லை என்பது அதன் முடிவு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. 2022 ஜூலையில் நடுவண் அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கான நெறிகளை வகுக்க ஒரு குழுவை அமைத்தது, வாகனங்களும் அதன் வரம்பில் சேர்க்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஒரு தளமும் தொடங்கப்பட்டது. சட்டத்தின் வேகம் இப்படி இருக்க, அதுவரை அந்த உரிமையைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளும் ஊர்தோறும் இருக்கும் டிங்கர் பட்டறைகளும்தான் நமக்காக நடைமுறையில் காத்துவந்திருக்கின்றன. கழித்துக் கட்டிய காரிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடியை மற்றொரு காருக்குப் பொருத்தி நிறம் மாற்றித் தருவது, ‘செட்டாகத்தான் வரும்’ என்னும் அதிகாரத்துக்கு எதிரான மிக அமைதியான மறுப்பு. பின்காலனியம் பற்றிக் கட்டுரை வாசிப்பவர்கள் இதையும் வாசித்திருக்கலாம்.

*

பேரம் பேசி நாம் குறைக்கும் அந்த இருநூறு ரூபாய் எங்கிருந்து குறைகிறது என்று சொல்கிறேன். அது பெயிண்டரின் நுரையீரலிலிருந்து குறைகிறது.

இன்று கார்களுக்கு அடிக்கப்படும் கிளியரில் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் இருக்கிறது. அந்தப் பளபளப்பும் உறுதியும் அதனால் வருபவை. தெளிக்கும்போது பறக்கும் அதன் நுண்துளிகளைச் சுவாசிப்பவர்களுக்குத் தொழில்வழி ஆஸ்துமா வரலாம் என்பது மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை அடைக்கும். தொழிலையே விட வேண்டிவரும். முகத்தில் கட்டிய கைக்குட்டையோ மருந்துக்கடை முகக்கவசமோ அதைத் தடுக்காது. வெளியிலிருந்து குழாய் வழியாகத் தூய காற்று தரும் கவசமும், காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறையும் வேண்டும். நம் தெருவோரப் பட்டறையில் இருப்பது ஒரு தார்ப்பாயும் ஒரு கைக்குட்டையும்.

ஏன் அப்படி? ‘அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று நாம் கூறிவிடலாம். எனக்கு அந்த விளக்கத்தில் நம்பிக்கையில்லை. ஒவ்வொரு வேலையிலும் இருநூறு, முந்நூறு என்று குறைத்துக்கொண்டே வந்த வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு எந்தப் பட்டறைக்காரர் காற்றுக்கவசம் வாங்குவார்? பொருளின் விலை குறையாது, தின்னரின் விலை குறையாது, வாடகை குறையாது. குறையக்கூடியது கூலியும் பாதுகாப்பும் மட்டுமே.

*

இலக்கியத்துக்கு வருகிறேன்.

புறநானூற்றின் 87ஆம் பாடலைப் பாடம் நடத்தாத தமிழ் ஆசிரியர் இருக்க முடியாது. அதியமானைப் பாடும் ஔவையார், ஒரு நாளில் எட்டுத் தேர் செய்து முடிக்கும் தச்சன் ஒரு மாதம் முழுதும் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்துக்கு அவனை ஒப்பிடுகிறார். அரசனின் வீரம், உவமையின் நயம் என்று நாம் விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்த உவமையைச் சொல்ல ஔவையாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில்லை. தச்சனின் ஒரு நாள் வேலை எவ்வளவு, அவன் விரைவு எத்தகையது, ஒரு சக்கரத்துக்கு ஒரு மாதம் என்றால் அதன் பொருள் என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் அந்த உவமை நிற்கிறது. அதைக் கேட்ட அவையோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாட்டு அங்கே எடுபட்டிருக்காது. நம் காலக் கவிஞர் ஒருவர் பெயிண்டரை உவமையாக்கினால் என்ன எழுதுவார்? ‘கனவுகளுக்கு வண்ணம் பூசுபவன்’ என்று எழுதுவார். வாட்டர் பேப்பரின் எண் அவருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் ஈரக்காற்றுப் பட்டுப் பெயிண்ட் வெண்மையாகப் பூத்துப்போகும் என்பதும், அதற்காகவே மெதுவாகப் பறக்கும் தின்னரைத் தேடி வாங்குவார்கள் என்பதும் தெரியாது. தொழிலாளி அவருக்குப் படிமம்; தொழில் அவருக்குப் புதிர்.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பணியாற்றிய கண்மணி குணசேகரன் ‘நெடுஞ்சாலை’ எழுதினார். ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யையும் தொகுத்தார். கருவியைக் கையில் பிடித்தவரே சொல்லையும் சேகரித்தார் என்பது தற்செயலன்று. ஆனால் நம் தமிழ்த்துறைகள் அந்த வழியில் எத்தனை பேரை அனுப்பின? கலைச்சொல் ஆக்கம் என்ற பெயரில் குழு கூடி, பட்டறையில் ஒருவரும் வாயில் வைக்காத சொற்களை அச்சிட்டோம். பட்டறையிலோ பட்டி, பதம், பேட்ச், ஷேடு, ‘கை ஓடுது’, ‘பூத்துருச்சு’ என்று ஓர் உயிருள்ள கலைச்சொல் தொகுதி, தமிழும் ஆங்கிலமும் இந்தியும் முட்டிக்கொள்ளாமல், நாள்தோறும் புழங்கிக்கொண்டிருக்கிறது. அதைத் தொகுக்க நமக்குக் கூச்சம்.

மேற்கிலிருந்து வந்தால் மட்டும் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. ராபர்ட் பிர்சிக் 1974இல் மோட்டார் சைக்கிள் பராமரிப்பை முன்வைத்து எழுதிய நூலை மேற்கோள் காட்டாத நம் நண்பர்கள் குறைவு. அவர் வண்டியைக் கவனமின்றிக் கையாண்ட மெக்கானிக்குகளைக் கண்டித்ததும், வேலையில் மனம் ஒன்றுவதைத் தத்துவமாக வளர்த்ததும் நமக்கு மனப்பாடம். அந்த மனவொன்றுதலோடு நம் தெருவில் ஒருவர் வெயிலில் அட்டையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ‘எப்போ சார் முடியும், வேலை இருக்கு’ என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

‘எல்லாப் பட்டறைக்காரரும் யோக்கியரா? தாளைக் கிழித்துவிட்டுக் கிளிப்பை உடைத்துவிட்டுக் காசு வாங்குபவர்கள் இல்லையா?’ என்று கேட்கலாம். இருக்கிறார்கள். மோசமான உரையாசிரியர்களும் இருக்கிறார்கள். அதனால் உரையெழுதுதல் வெறும் வேலை என்று நாம் சொல்வதில்லை. நல்லதையும் மோசத்தையும் பிரித்தறியத் தெரிந்தவன்தான் மோசத்தைக் கண்டிக்கலாம். கதவுக்குள் ஒரு தாள் இருப்பதே தெரியாதவன், அது கிழிக்கப்பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பான்? ‘அதிலென்ன இருக்கிறது’ என்ற அலட்சியம் நல்ல கைக்காரருக்கும் கெட்ட கைக்காரருக்கும் ஒரே கூலி தருகிறது. மிஞ்சுவது யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

‘காணொளி பார்த்து நாமே செய்துகொள்ளலாமே’ என்பவர்களுக்கு என் முழு ஆதரவு உண்டு. அவசியம் செய்யுங்கள். ஒரு விடுமுறை நாளில் பேடைக் கழற்றி, ஸ்பிரே டப்பாவோடு மொட்டைமாடிக்குப் போங்கள். மாலையில் வெயிலில் கதவையும் கைப்பிடியையும் சேர்த்துப் பாருங்கள். அதன்பின் பட்டறையில் சொல்லப்படும் தொகை உங்களுக்கு வேறுவிதமாகக் கேட்கும்.

என் கோரிக்கைகள் மூன்று. கூடுகைகளில் உழைப்பைப் பாடுகிறவர்கள் அடுத்த முறை பட்டறையில் கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு வரட்டும். சேவை மையத்தின் மதிப்பீட்டுத் தாளிடம் காட்டும் மரியாதையில் பாதி போதும். பெயிண்டரிடம் என்ன கவசம் அணிகிறார் என்று கேட்கட்டும். இல்லையென்றால் அதற்கும் சேர்த்து ஒரு தொகை தரட்டும். தமிழ்த்துறைகள், ஆண்டுதோறும் எழுதப்படும் ‘இன்னாரின் கவிதைகளில் பெண்ணியம்’ வகை ஆய்வேடுகளுக்கு நடுவே ஒரே ஒரு மாணவரையாவது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு டிங்கர் பட்டறைக்கு அனுப்பட்டும். அவர் மூன்று மாதம் அங்கே உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி எழுதிக்கொண்டு வரட்டும். அந்த ஏடு அச்சாகும் நாளில் நான் முதல் படியை விலை கொடுத்து வாங்குவேன், பேரம் பேசாமல்.